பெயரும் நடுகல்லும்: ஒரு கல்லூரிப் பருவத்தின் நாட்குறிப்பு

ஜூலை 8

தொழில்சார் இணைய இருப்பு என்பது, ஒருவரை முன்பின் அறியாதவர் அவருடைய பெயரைத் தேடுபொறியில் இடும்போது, அவர் எதைக் கற்றவர், எதைச் செய்து முடித்தவர், அவரை எவ்வழியில் அணுகலாம் என்பவற்றை உணர்த்தும் பதிவுகளின் தொகுதியாகும். திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் வட்டாரத்திலிருந்து அரசு கலைக் கல்லூரியொன்றுக்குப் பேருந்தில் சென்று இளங்கலை வரலாறு இரண்டாம் ஆண்டு பயிலும் மாணவி ஒருவர், அத்தகைய இருப்பை ஒரு பருவத்துக்குள் அமைத்துக்கொண்ட முறையை இக்குறிப்புகள் பின்தொடர்கின்றன. தமிழ்நாடு அரசு 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தால் திறன் பயிற்சி என்ற சொல் கல்லூரிகளில் பரவியிருப்பினும், இணைய இருப்பு நிரல் எழுதுவோருக்கே உரியது என்ற எண்ணம் கலைப்பிரிவு வகுப்பறைகளில் இன்னும் நீங்கவில்லை, அவ்வெண்ணம் தவறானது.

ஜூலை 11

முதற்பணி பெயரை உறுதிசெய்வது. பெரும்பாலான தளங்களின் பதிவுப் படிவங்கள் முதற்பெயர், குடும்பப்பெயர் என இரு கட்டங்களை வைத்துள்ளன. தந்தை அல்லது தாய் பெயரின் முதலெழுத்தை இனிஷியலாக இட்டு வழங்கும் தமிழ் வழக்கிலோ குடும்பப்பெயர் என்ற உறுப்பே பொதுவாக இல்லை. மாணவியின் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் பெயருக்குப் பின்னும், கல்லூரி அடையாள அட்டையில் முன்னும் நிற்க, ஆதார் அட்டையில் தந்தையின் பெயர் முழுமையாக விரிந்துள்ளது. இவற்றோடு, அவருடைய பெயரிலுள்ள ழகரம் ஆங்கிலத்தில் ஓரிடத்தில் இசட், எச் என்னும் ஈரெழுத்தாகவும் மற்றோரிடத்தில் எல் என்னும் ஓரெழுத்தாகவும் எழுதப்பட்டிருக்கிறது. ஊராருக்கு ஒரே பெண்ணாகத் தெரியும் இவ்வடிவங்கள் இயந்திரத்துக்கு வெவ்வேறு ஆட்களாகும்.

குடும்பப்பெயர்க் கட்டத்தில் வெறும் புள்ளியை இடுவோரும், சாதிப்பெயரை இட்டு நிரப்புவோரும் உளர். 1929-இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப்பட்டங்களைத் துறக்கத் தீர்மானித்ததும், அதன்பின் இம்மண்ணில் வேரூன்றிய பெயர்வழக்கும் எளிதில் பெறப்பட்டவை அல்ல. ஆதலால் ஒரு படிவத்தின் போதாமையைப் பெயரின் போதாமையாகக் கொண்டு, விட்டொழித்த பட்டத்தை மீண்டும் ஏற்பது பொருந்தாது. மாணவி, பட்டச் சான்றிதழும் பின்பற்றப்போகும் பத்தாம் வகுப்பு எழுத்துக்கூட்டலையே எல்லாத் தளங்களுக்கும் உரியதாக வரையறுத்து, இனிஷியலை இரண்டாம் கட்டத்தில் இட்டு, அறிமுகப் பத்தியின் முதல் வரியில் தம் பெயரைத் தமிழிலும் எழுதினார்.

ஜூலை 19

அதே பெயரில் புதிய மின்னஞ்சல் முகவரி திறக்கப்பட்டது. கடவுச்சொல்லுக்கு மேலாகக் கைப்பேசியில் தோன்றும் குறியீட்டையும் கேட்டு உறுதிசெய்யும் இருபடிச் சரிபார்ப்பும் இயக்கப்பட்டது.

ஆகஸ்ட் 2

பிரவுசிங் சென்டரில் தட்டச்சிட்ட மாணவியின் பயோடேட்டாவில் தந்தை பெயர், மதம், சாதி, திருமண நிலை, வீட்டு முகவரி, கைப்பேசி எண் ஆகியவை முதற்பக்கத்தை நிறைத்திருந்தன. செய்த பணியைக் கூறும் வரி ஒன்றும் இல்லை. பொதுவெளிக்குரிய படியில் இவை யாவும் நீக்கப்பட்டன.

கல்லூரி ஆண்டு மலரில் வெளியான அவருடைய கட்டுரையை இணைக்க முயன்றபோது வேறொரு சிக்கல் வெளிப்பட்டது. அக்கட்டுரை பாமினி எழுத்துருவில் அமைந்திருந்தது. ஆங்கில எழுத்துகளுக்குரிய குறியெண்களின் மேல் தமிழ் வடிவங்களைப் போர்த்தும் இத்தகைய எழுத்துருவில், தமிழ் என்ற சொல் கணினிக்குள் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்றே பதிந்திருக்கும். கண் தமிழைப் படிக்க, தேடுபொறி பொருளற்ற ஆங்கில எழுத்துக்கோவையைப் படிக்கும். உலக மொழிகளின் ஒவ்வோர் எழுத்துக்குறிக்கும் தனிக் குறியெண் வழங்கும் ஒருங்குறி, தமிழுக்கென 128 இடங்கள் கொண்ட தொகுதியை ஒதுக்கியுள்ளது. தமிழ்நாடு அரசும் 2010-இல் அதனைத் தரமாக ஏற்றது. இருந்தும் அச்சகங்களிலும் கல்லூரி மலர்களிலும் பழைய எழுத்துருக்கள் நீடிப்பதால், மாணவர்கள் எழுதிய எத்தனையோ நல்ல பக்கங்கள் எவர் தேடினும் கிட்டாதவையாக முடங்கியுள்ளன. இது வருந்தத்தக்க இழப்பு. மாணவி எழுத்துரு மாற்றியைக் கொண்டு கட்டுரையை ஒருங்குறிக்கு மாற்றி, இடம் மாறி விழுந்த கொம்புகளையும் ஒற்றுகளையும் இரண்டு மாலைகளில் கையால் திருத்தினார்.

ஆகஸ்ட் 17

செங்கம் வட்டாரம், போரில் இறந்த வீரருக்கு எடுக்கப்பட்ட நடுகற்களால் அறியப்பட்டது. அவற்றுள் பல வட்டெழுத்துப் பொறிப்புகளைத் தாங்கியவை. ஊர்ப்புறத்து நடுகற்களைப் படமெடுப்பதையே மாணவி தம் பணியாகத் தேர்ந்தார். உச்சிவெயிலில் கல் தட்டையாகவே தெரியும். காலை ஏழு மணியளவில் ஒளி பக்கவாட்டில் சாய்ந்து விழும்போதே பொறிப்பின் பள்ளங்களில் நிழல் தங்கி எழுத்து எழுந்து நிற்கும். அளவுகோலைக் கல்லருகில் வைத்து, முழுக்கல், எழுத்துப்பகுதி, பின்புறம் எனத் தனித்தனியே எடுக்கப்பட்டது.

கைப்பேசிப் படம் ஒவ்வொன்றும் எடுத்த நாள், கருவி, அமைப்பு அனுமதித்தால் இடத்தின் அகலாங்கு, நெட்டாங்கு ஆகியவற்றைத் தன்னுள் சுமக்கிறது. தரவைப் பற்றிய இத்தரவு மீத்தரவு எனப்படும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது இது நீங்குவதோடு படத்தின் நுண்மையும் குறைகிறது. ஆதலால் மூலக்கோப்புகள் தனியே சேமிக்கப்பட்டன. நாள் ஆய்வுக்குத் தேவை. ஆனால் காவலின்றி வயல்வரப்பில் நிற்கும் கல்லின் துல்லிய இடத்தை உலகறியச் செய்வது திருட்டுக்கு வழிகாட்டக்கூடும் என்பதால், ஊர்ப்பெயரோடு நிறுத்தி ஆயத்தொலைவுகள் அழிக்கப்பட்டன. இம்முடிவு, அவர் கற்ற எந்தக் கருவியையும்விட மதிக்கத்தக்கது.

படங்கள் விக்கிமீடியா பொதுவகத்தில், ஆக்கியவர் பெயரைக் குறிப்பிட்டு எவரும் பயன்படுத்தலாம், மாற்றி வெளியிடுவோர் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தோடு ஏற்றப்பட்டன. இவ்வுரிமம் வணிகப் பயனையும் அனுமதிப்பது, ஒருமுறை வழங்கியபின் திரும்பப் பெற இயலாதது. இவ்விரண்டையும் அறிந்தபின்னரே அவர் ஒப்பினார்.

செப்டம்பர் 6

லிங்க்ட்இன் தளத்தில், பெயருக்கு அடியில் தோன்றும் தலைப்பு வரியில், கடின உழைப்பாளி என்பது போன்ற சொற்களைத் தவிர்த்து, வரலாற்று மாணவி, செங்கம் வட்டார நடுகற்களின் ஒளிப்பட ஆவணம் என்று எழுதி, படத்தொகுப்பின் இணைப்பு தரப்பட்டது. முகப்படத்தை வைக்க வீட்டார் ஒப்பவில்லை. பெண்களின் படங்கள் களவாடப்படும் சூழலில் அவ்வச்சம் புறந்தள்ளத்தக்கதன்று. முகத்துக்குப் பதிலாக, அளவுகோல் பிடித்த கையும் கல்லும் உள்ள படம் வைக்கப்பட்டது.

அக்டோபர் 10

நடுகல் என்ற சொல்லையும் ஊர்ப்பெயரையும் தமிழில் இட்டுத் தேடியபோது மாணவியின் படம் கிடைத்தது. அதன்கீழ் அவருடைய பெயர் வரையறுத்த எழுத்துக்கூட்டலிலேயே இருந்தது. அப்படத்தின் விளக்கத்தில் கல்லின் உயரம் 142 சென்டிமீட்டர் என்றிருப்பதைக் கண்டு, களக்குறிப்பேட்டில் உள்ளவாறு 124 எனத் திருத்தி, திருத்தியதன் காரணத்தையும் மாற்ற வரலாற்றில் எழுதினார். மறுநாட் காலை அடுத்த ஊர்க் கல்லுக்குச் செல்ல வேண்டியிருந்ததால், அளவுநாடா இரவே பையில் வைக்கப்பட்டது.