பிளவக்கல் நீர்வழி

விருதுநகர் மாவட்டத்தின் மேற்கெல்லையில் மலைத்தொடர் நெடுஞ்சுவர்போல் எழுந்து நிற்கின்றது. ஆனி, ஆடித் திங்கள்களில் அம்மலைக்கு அப்பால் கேரளத்தில் மழை கொட்டும். இப்பால் காற்று மட்டுமே வீசும். மேகங்கள் தம் நீரில் பெரும்பகுதியை மேலைச் சரிவிலேயே உதிர்த்துவிட்டு இங்கு வறிதே வந்து சேரும். ஆதலின் ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் வடகிழக்குப் பருவமழையே இந்நாட்டு உழவர்க்கு உயிர். அம்மழையைத் தாங்கி இறங்கும் பெரியாறு, கோவிலாறு என்னும் இரு காட்டாறுகளை வத்திராயிருப்புக்கு மேற்கே மலையடியில் அணைகள் தடுத்து நிறுத்துகின்றன. அவ்விடமே பிளவக்கல். இப்பெரியாறு முல்லைப் பெரியாறு அன்று. பெயரால் பெரியதாயினும் ஆண்டில் சில திங்களே ஓடும் சிற்றாறு.

2025ஆம் ஆண்டு ஆனித் திங்களில், அணைக்கு அண்மையிலுள்ள கூமாபட்டி என்னும் சிற்றூரைப் புகழ்ந்து வெளியான காணொளி ஒன்று கைப்பேசி வழியே நாடெங்கும் பரவியது. அவ்வூர் ஒரு தீவு என்றும், அதன் நீருக்குத் தனிச்சிறப்பு உண்டென்றும் அதில் சொல்லப்பட்டது. கூமாபட்டி தீவன்று, வயலும் தென்னந்தோப்பும் சூழ்ந்த ஊர். எனினும் மக்கள் கார்களிலும் வேன்களிலும் திரண்டு வந்தனர். அணைக்குள் செல்லவும் நீராடவும் இசைவில்லை என்று கேட்டு, வந்த வழியே மீண்டனர்.

திருவில்லிபுத்தூரைச் சேர்ந்த மாணவர் இருவரும் அக்காணொளியைக் கண்டவர்களே. அவர்கள் பருவமழை ஓய்ந்தபின், மார்கழி ஞாயிறு ஒன்றில், விடியுமுன் மிதிவண்டிகளில் புறப்பட்டனர். 192 அடி உயரமுள்ள ஆண்டாள் கோவில் கோபுரம் முதுகுப்புறம் பனியில் மங்கி மறைந்தது. கிருஷ்ணன்கோவில்வரை மதுரைச் சாலை. அங்கிருந்து மேற்கே திரும்பினால் வத்திராயிருப்பு.

காரில் செல்வோர்க்கு அச்சாலையில் புலப்படுவது பசுமை ஒன்றே. மிதிவண்டியில் செல்வோர்க்குச் சாலையின் ஏற்ற இறக்கம் கால்களில் தெரியும். ஓரிடத்தில் மிதிப்பது கடினமாகும். நிமிர்ந்து நோக்கினால் அது ஒரு கண்மாய்க் கரை. கரையைக் கடந்ததும் வண்டி தானே உருளும்; அங்கே வயல். சற்றுத் தொலைவில் மீண்டும் ஏற்றம், மீண்டும் கரை. மூன்றாவது கரையில் இளையவன் வண்டியை நிறுத்தி, “அண்ணா, இது படிக்கட்டுப்போல் அல்லவா இருக்கிறது!” என்றான். அவன் கூறியது முற்றும் உண்மை. மலையடியிலிருந்து கிழக்கு நோக்கி நிலம் படிப்படியாகத் தாழ்கின்றது. மேற்கண்மாய் நிறைந்தால் அதன் மிகுநீர் கீழ்க்கண்மாயை அடையும். கண்மாய்களில் தங்கியது போக எஞ்சிய நீரைக் கொண்டு ஓடும் அருச்சுனா நதி, இருக்கன்குடியில் வைப்பாற்றோடு கலக்கின்றது.

கூமாபட்டியைக் கடந்து அணையை அடைந்தபோது வெயில் ஏறியிருந்தது. பெரியாற்று அணை ஏறத்தாழ 47 அடியும், கோவிலாற்று அணை 42 அடியும் நீர் தேக்க வல்லவை. நாட்டின் பேரணைகளோடு ஒப்பிட்டால் இவை சிறு குழந்தைகள். ஆயினும் மூன்று புறமும் மலை கவிந்து நிற்க, நடுவே அசையாது கிடக்கும் நீரைக் கண்டவர் எளிதில் விழியெடுக்க மாட்டார். அம்மலைக்காடுகளில் 1988ஆம் ஆண்டு சாம்பல் நிற மலை அணில்களுக்கென அமைக்கப்பட்ட காப்பகம் உள்ளது. 2021 முதல் அது புலிகள் காப்பகத்தின் ஒரு பகுதியாகவும் விளங்குகின்றது. மாணவர் எச்சரிக்கைப் பலகையைப் படித்தனர்; நீரில் இறங்கவில்லை. மூத்தவன் முகத்தில் ஏமாற்றம் இருந்தது.

அயர்லாந்து நாட்டில் கில்லார்னி என்னும் ஊரையடுத்து மூன்று ஏரிகள் ஒன்றோடொன்று இணைந்து கிடக்கின்றன. மலைக்கணவாயை நடந்தோ மிதிவண்டியிலோ கடந்து, பின்னர்ப் படகேறி மூன்று ஏரிகளின் வழியாக ஊர் திரும்புவது அங்கு வருவோரின் நெடுநாள் வழக்கம். ஆனால் அந்நாட்டில் ஆண்டின் பாதிக்கு மேற்பட்ட நாள்களில் மழை பெய்யும். பனியாறுகள் அகழ்ந்த பள்ளங்களே அங்கு ஏரிகளாயின. அவற்றை எவரும் வெட்டவில்லை. நம் கண்மாயோ மண்வெட்டியால் பிறந்தது. மண்வெட்டி ஓய்ந்தால் தூர்ந்து போவது. இவ்வேறுபாட்டை மாணவர் அன்று நூலிற் கற்கவில்லை. ஒரு பரிசலில் கற்றனர்.

திரும்பும் வழியில் அவர்கள் வண்டிகளைத் தள்ளிக்கொண்டு ஒரு கண்மாய்க் கரைமீது நடந்தனர். நீர் கடல்போல் விரிந்து கிடந்தது. மீன்பிடிக்கக் குத்தகை எடுத்திருந்த முதியவர் ஒருவர் கரையோரம் வலையை உதறிக்கொண்டிருந்தார். “ஐயா, எங்களைச் சற்றே ஏற்றிச் செல்வீர்களா?” என்று மூத்தவன் கேட்டான். “ஆடாமல் அமர்ந்தால் வாருங்கள், தம்பி” என்றார் அவர். பரிசல் ஒருமுறை சுழன்று, பின் நேராயிற்று. நீர்க்காகங்கள் விலகிப் பறந்தன. பாதிக் கண்மாயைக் கடந்ததும் மூத்தவன், “இங்கு ஆழம் எவ்வளவு இருக்கும், ஐயா? இரண்டு ஆள் இருக்குமா?” என்றான்.

முதியவர் விடை கூறவில்லை. கையிலிருந்த மூங்கிற் கழியை நீட்டி அவனிடமே தந்தார். அவன் அதனை நேரே இறக்கினான். மார்பளவு நீர்கூட இல்லை. அதன்பின் கழி சேற்றில் புதைந்து சென்றது. நீரில் நனைந்ததைவிடச் சேற்றில் இறங்கிய பகுதி மிகுதியாயிருந்தது.

“பார்த்தாயா? நான் உன் வயதில் இங்கே மூழ்கி மண்ணெடுப்பேன், மூச்சுப் போதாது. இப்போது கரையிலிருந்து பார்ப்பவனுக்குக் கண்மாய் நிறைந்திருக்கிறது. உள்ளே இருப்பதோ வண்டல். சீக்கிரம் நிறையும், சீக்கிரம் வற்றும்” என்றார் முதியவர்.

வண்டலை அள்ளினால் கண்மாய்க்கு ஆழம். வயலில் இட்டால் பயிருக்கு உரம். முன்னாளில் கோடைதோறும் உழவர் வண்டி கட்டி அதனை ஏற்றிச் சென்றனர். இடையே விதிகள் பெருகி அவ்வழக்கம் தளர்ந்தது. உழவர் வட்டாட்சியரிடமே இசைவு பெற்று வண்டல் எடுக்கலாம் என்று 2024ஆம் ஆண்டு தமிழக அரசு விதியை எளிதாக்கியது. நல்ல செயலே, ஆயினும் பல்லாண்டுச் சேறு ஒரு கோடையில் அகலுமா என்பது ஐயம்.

கரையேறியபின் இருவரும் கலுங்கு வரை நடந்தனர். மிகுநீர் வழியும் அக்கற்கட்டின் அருகில் கீழூர் உழவர் நால்வர் அமர்ந்திருந்தனர். நீர்மட்டம் கல்லின் விளிம்புக்கு நான்கு விரல் கீழே நின்றது. ஒருவர் விளிம்பில் சிறு குச்சியொன்றை நட்டு அடையாளம் வைத்திருந்தார்.

“எங்கள் கண்மாய் இதற்குக் கீழே மூன்றாவது. இது வழிந்து, அடுத்த இரண்டும் வழிந்தால்தான் எங்களுக்குத் தண்ணீர். நாற்று நட்டு இருபது நாள் ஆயிற்று” என்றார் அவர்.

“அணையைத் திறக்க மாட்டார்களா, ஐயா?”

“திறந்துதான் இருக்கிறது, தம்பி. வந்துகொண்டிருக்கிறது.”

இளையவன் குனிந்து அக்குச்சியைப் பார்த்தான். நீர் ஏறியதாகத் தோன்றவில்லை. பொழுது மேலை மலையில் விழுந்துகொண்டிருந்தது. ஊர் சேர நெடுந்தொலைவு மிதிக்க வேண்டும். ஆயினும் இருவரும் வண்டிகளைக் கரைச்சரிவில் சாய்த்துவிட்டு, உழவரோடு கல்லின்மேல் அமர்ந்தனர்.