பத்து மில்லி தண்ணீர்

பண்ருட்டிப் பக்கம் 23 வருடமாக டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். இந்தத் தொழிலில் சில்லறைப் பொய் சொல்லாமல் முடியாது. ‘சாயங்காலம் வண்டி ரெடி’ என்பது அந்த வகை. இப்போது சொல்லப்போவது அந்தக் கணக்கில் சேராது.

100 மில்லி இருமல் மருந்து பாட்டில் ஒன்றைக் கழுவி, கோடு போட்டு வைத்திருந்தேன். மைலேஜ் குறையுது என்று யாராவது வந்தால் அவர் டேங்க்கிலிருந்தே 90 மில்லி பெட்ரோல் பிடிப்பேன். அதில் 10 மில்லி தண்ணீர் விட்டுக் குலுக்கி மேஜைமேல் வைப்பேன். கொஞ்ச நேரத்தில் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று பிரிந்து நிற்கும். கீழே நிற்பது 28ஆம் கோட்டைத் தொடும். “நான் ஊத்துனது பத்து. மிச்சம் பதினெட்டு உங்க பெட்ரோல்ல இருந்த தண்ணி.” வந்தவர் முகம் வெளுத்துவிடும். டேங்க் கிளீனிங், கார்புரேட்டர் கிட் என்று பில் ஏறும்.

அது தண்ணீரே இல்லை, எத்தனால். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 90 மில்லியில் 18 மில்லி இருந்துதான் ஆகவேண்டும். தண்ணீரைக் கண்டால் எத்தனால் பெட்ரோலை விட்டு இறங்கி அதோடு சேர்ந்துகொள்ளும். கலப்பு சரியாக இருக்கிறது என்று காட்டும் சோதனையை நான் கலப்படத்துக்குச் சாட்சி ஆக்கினேன். தெரிந்தேதான் செய்தேன்.

எத்தனாலிடம் குறையே இல்லாமலிருந்தால் என் பொய் எடுபட்டிருக்காது. லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் பெட்ரோலைவிட அதில் மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. பழைய வண்டிகளில் ரப்பர் டியூபும் ஓ-ரிங்கும் ஊறி உப்புகின்றன, நானே மாற்றியிருக்கிறேன். மழைத்தண்ணீர் டேங்க்கில் இறங்கி ஓரளவுக்கு மேல் போனால் என் பாட்டில் வித்தை டேங்க்குக்குள்ளேயே நடந்து வண்டி நின்றுவிடும். ஆனால் 20 சதவீதக் கலப்புக்கென்று வடிவமைக்காத டூவீலர்களில் மைலேஜ் 3 முதல் 4 சதவீதம் குறையும் என்றுதான் நிதி ஆயோக் 2021இல் சொன்னது. 60 கொடுத்த வண்டி 58 கொடுக்கும். இன்னும் ஒன்றிரண்டு குறைந்தாலும் நம்பலாம். 45க்கு இறங்கினால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது. எத்தனாலுக்கு ஆக்டேன் அதிகம், புகையில் கார்பன் மோனாக்சைடு குறையும் என்பதையெல்லாம் நான் யாரிடமும் சொன்னதில்லை. அதில் எனக்கு என்ன வரும்படி?

2025 கோடையில் ஒரு பெரியவர் வந்தார். நெல்லிக்குப்பம் பக்கம் மூன்று ஏக்கர் கரும்பு. வண்டி 100 சிசி, வயது பன்னிரண்டு. 60 கொடுத்தது 45க்கு வந்துவிட்டது என்றார். பாட்டிலை எடுத்தேன். இந்தத் தடவை ஒரு மாறுதலுக்கு உண்மையைப் பாதி சொன்னேன். கீழே நிற்பது எத்தனால், கரும்பிலிருந்து எடுப்பது என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. “அப்ப நம்ம கரும்புதான் தம்பி இதுல ஓடுது?”

ஒரு டன் கரும்பை நேரே எத்தனாலாக்கினால் சுமார் 70 லிட்டர் வரும். ஆலைக்கு அதனால் பணப்புழக்கம். விவசாயிக்கு பாக்கி சீக்கிரம் வரும் என்று நம்பிக்கை. அதே கரும்பு தண்ணீரை எப்படிக் குடிக்கும் என்பதும் அவருக்குத் தெரியும். மக்காச்சோளமும் எத்தனாலுக்குப் போவதால் தீவன விலை ஏறிவிட்டதென்று நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர்கள் புலம்புகிறார்கள். பேச இவ்வளவு இருந்தது. நான் சொன்னது ஒன்றே ஒன்று: “ஆமாங்கய்யா. உங்க கரும்புதான் உங்க வண்டியக் கெடுக்குது.”

தலையைக் குனிந்துகொண்டார். அவரே ஏதோ தப்பு செய்துவிட்டதுபோல.

அவர் போனபின் கடைப் பையன் வண்டியை டபுள் ஸ்டாண்டு போட்டுப் பின்சக்கரத்தைச் சுற்றினான். அரைச்சுற்றில் நின்றது. “அண்ணே, பிரேக்கு புடிச்சிருக்கு.” உள்ளே கேம் துருவேறி, பிரேக் ஷூ டிரம்மை விடாமல் தேய்த்துக்கொண்டிருந்தது. ஏர் ஃபில்டரில் புழுதி அப்பிக் கிடந்தது. சுத்தம் செய்து கிரீஸ் வைக்க அரைமணி நேரம். மாலையில் வந்தவரிடம் எத்தனால் கோளாறை எடுத்துவிட்டேன் என்று 2,150 ரூபாய் வாங்கினேன். பையன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்று வாரம் கழித்து கேரியரில் பலாப்பழம் கட்டிக்கொண்டு வந்தார். “56 குடுக்குது தம்பி. கைராசிக்காரன்பா நீ.”

அவர் போனதும் பையன் கேட்டான்: “அண்ணே, அதே பங்க்கு பெட்ரோல்தானே போடறாரு?” கத்திக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு வா என்று அவனை அனுப்பினேன்.

பாட்டிலை உடைத்துப் போட்டுவிட்டேன். பணத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அவர் வண்டி இப்போதும் என்னிடம்தான் சர்வீசுக்கு வருகிறது. போன தடவை ஆயில் மாற்றிவிட்டுக் காசு வேண்டாம் என்றேன்.

“ஏன் தம்பி?” என்றார்.

“பலாப்பழத்துக்குங்கய்யா” என்றேன்.