முன்பதிவு

கடலூர் மஞ்சக்குப்பத்திலும் சிதம்பரத்திலுமாக உளவியல் ஆலோசனை வழங்கிவந்த நண்பருக்காக, இணையவழி முன்பதிவு ஏற்பாடொன்றை நாங்கள் மூவர் சேர்ந்து உருவாக்கினோம். நிரல் எழுதும் வேலை மூன்று வாரங்களில் முடிந்துவிட்டது. ஒரே நேரத்தை இருவர் எடுத்துக்கொள்ளாமல் தடுப்பதுதான் இதிலுள்ள பெரிய சிக்கல் என்று நம்பியிருந்தோம்.

பதிபவரின் ஊரை வைத்து அருகிலுள்ள இடத்தை மென்பொருளே தேர்ந்து காட்டும்படி செய்திருந்தோம். அதில் எங்களுக்குச் சற்றுப் பெருமிதமும் உண்டு. வந்தவர்களோ அதை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். கடலூர்க்காரர் சிதம்பரத்தைக் கேட்டார், சிதம்பரத்தார் கடலூரை. ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் என்று ஒரு மணி நேரத்துக்கு மேல் பேருந்தில் உட்கார்ந்திருப்பது அவர்களுக்குப் பொருட்டாக இல்லை. தெரிந்த முகம் எதிரே வராத மாடிப்படியைத்தான் அவர்கள் தேடினார்கள்.

அப்போதாவது எங்களுக்கு உறைத்திருக்க வேண்டும். முதல்நாள் மாலை நினைவூட்டும் குறுஞ்செய்தியில், 'நாளை காலை 11 மணிக்கு உங்கள் மனநல ஆலோசனை' என்று முழுதாக எழுதி அனுப்பிக்கொண்டிருந்தோம். பதிவு செய்திருந்த பெண் ஒருவர் வரவில்லை. சில நாட்கள் கழித்து அவருடைய தங்கை தொலைபேசியில் பேசினார். வீட்டுக்கு ஒரே செல்பேசி; செய்தி வந்தபோது அது மாமியாரின் கையில் இருந்திருக்கிறது. "இனிமே இந்த நம்பருக்கு எதுவும் அனுப்பாதீங்க சார்" என்றார். அவ்வளவுதான். குரலில் கோபம்கூட இல்லை.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தை அதன் பிறகே எடுத்துப் படித்தோம். 23ஆம் பிரிவு அந்தரங்கம் காக்கப்படுவதை உரிமையாக்குகிறது. மின்னணு வடிவில் சேமிக்கப்படும் தகவலுக்கும் அது பொருந்தும் என்கிறது அடுத்த பிரிவு. முதல்நாளே படித்திருக்க வேண்டியவர்கள் நாங்கள்.

'வருகைக்கான காரணம்' என்ற கட்டத்தை எடுத்துவிட்டோம். எந்தப் பெயரை இட்டாலும் ஏற்றுக்கொண்டோம். செய்தி அனுப்பலாமா என்று முதலில் கேட்டோம். சம்மதித்தவர்களுக்கும் 'நாளை 11 மணி' என்பதற்கு மேல் ஒரு சொல் போகவில்லை. திரையை விலக்கினால் வெளியும் தங்க வில்வ மாலையும் மட்டும் தெரியும் ஊர் சிதம்பரம்; நாங்கள் மாலையைக்கூட விட்டுவைக்கவில்லை. எந்தப் படிவத்திலும் பெயர் வேண்டாம் என்பவர்களுக்காக, 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவையின் 14416 என்ற கட்டணமில்லா எண்ணைப் பக்கத்தின் தலைப்பிலேயே போட்டோம்.

அந்தப் பெண்ணின் பதிவை நீக்கப் போனபோது, அவர் பெயருக்கு எதிரே எங்கள் மென்பொருள் தானாகவே ஒரு குறிப்பு இட்டிருந்தது: 'தகவல் தெரிவிக்காமல் வராதவர்.'