எங்கள் வீட்டு ஞானோபதேசம்

சென்ற ஆண்டு ஒரு நாள் விடுதியில் மாலைச் செபம் முடிந்ததும் சகோதரி ஒரு கேள்வி கேட்டார்கள்: "உங்களுக்கு விசுவாசத்தை முதன்முதலில் கற்றுக் கொடுத்தது யார்?" பங்குச் சுவாமியார் என்றாள் ஒருத்தி. ஞானோபதேசப் புத்தகம் என்றாள் மற்றொருத்தி. அக்காள் தங்கையரான நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம், பதில் சொல்லவில்லை. அன்று சொல்லாத பதிலையே இங்கு எழுதுகிறோம்.

எங்கள் ஊர் மரக்காணத்தை அடுத்த உப்பளப் பகுதியில் உள்ளது. சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரி செல்லும் தோழியர், வழியில் வெள்ளை வெளேரென்று குவிந்திருக்கும் உப்பு அம்பாரங்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் எங்கள் பெற்றோரின் வியர்வையும் கலந்திருக்கிறது. தை பிறந்ததும் பாத்திகளின் களிமண்ணைக் காலால் மிதித்து மிதித்து இறுக்குவார்கள். பின்னர் வாய்க்கால் வழியே உப்புநீரைப் பாய்ச்சி, வெயிலில் காய்ந்து உப்புப் பூத்ததும் பலகையால் வாரிச் சேர்ப்பார்கள். ஐப்பசி மழை வந்துவிட்டால் வேலை நின்றுபோகும், வருமானமும் நின்றுபோகும்.

அப்பா மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். இரவில் அம்மா செபமாலை சொல்லத் தொடங்கினால் இரண்டாம் தேவ இரகசியத்திலேயே அவருக்குக் கண் செருகிவிடும். திடுக்கிட்டு விழித்துத் தப்பான இடத்தில் "ஆமென்" சொல்வார். நாங்கள் சிரிப்போம். அம்மா சிரிக்க மாட்டார்கள். "விடியற்காலை மூணு மணிக்கு அளத்துக்குப் போனவரு. தூங்கினாலும் முழங்கால்லதானே இருக்காரு" என்பார்கள்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஓர் ஆவணி மாதம் நடந்ததைச் சொல்ல வேண்டும். அப்பா வேலை செய்த பாத்தியில் நீர் திடீரென்று குறைந்துவிட்டது. பக்கத்துப் பாத்திப் பெரியவர் இரவோடு இரவாக வரப்பை வெட்டித் தண்ணீரைத் திருப்பிக்கொண்டார் என்று அப்பா நினைத்துவிட்டார். உப்பு விளைகிற நேரம், கோபம் தலைக்கேறியது. கூலி வாங்க எல்லாரும் கூடியிருந்த இடத்தில் அவரைத் "திருடன்" என்று சொல்லிவிட்டார். வயதில் மூத்தவர் அவர். நாங்கள் 'பெரியப்பா' என்று அழைப்பவர். தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்து வரப்பின் அடியில் ஒரு நண்டு வளையை அப்பா கண்டார். தண்ணீர் அதன் வழியேதான் கசிந்து போயிருக்கிறது. அதைப் பார்த்தவர் அவர் ஒருவரே. மண்ணை அள்ளி அடைத்திருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும்.

அந்த ஞாயிறன்று திருப்பலியில் அப்பா நற்கருணை வாங்க எழுந்து போகவில்லை. கூட்டம் முழுவதும் எங்களையே பார்ப்பது போலிருந்தது. கோயிலை விட்டு வெளியே வந்ததும், "இரண்டு பேரும் என்னோடு வாங்க" என்றார். விஷயத்தை நடந்துகொண்டே சொன்னார். எங்களில் மூத்தவள் கேட்டே விட்டாள்: "யாருக்கும் தெரியாதேப்பா, எதுக்குப் போகணும்?"

"தெரிய வேண்டியவருக்குத் தெரியும்மா" என்றார் அப்பா.

பெரியப்பா வீட்டுத் திண்ணையில் அவருடைய பேரப்பிள்ளைகள் எல்லாரும் இருந்தார்கள். அப்பா உட்காரவில்லை. "அண்ணே, தண்ணி நண்டு வளையில போயிருக்கு. நீங்க எடுக்கல. நாலு பேர் முன்னாடி உங்களைத் தப்பாப் பேசினேன். அதனால பிள்ளைங்க முன்னாடியே கேக்குறேன். மன்னிச்சிடுங்க" என்றார். கைகூப்பிய அந்தக் கைகளில் உப்பு அரித்த வெடிப்புகள் தெரிந்தன.

பெரியப்பா ஒன்றும் பேசாமல் எழுந்து உள்ளே போய்விட்டார்.

திரும்பும் வழியில் எங்களுக்கு அழுகை வந்தது. அப்பா மட்டும், "சொன்ன சொல் அவருக்கு எவ்வளவு வலிச்சிருக்கும்! ஆற நாளாகும்" என்றார். மறுநாள் கூலி வாங்கும் இடத்திலும் அதையே எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாராம். அடுத்த சனிக்கிழமை பாவசங்கீர்த்தனம் செய்து, ஞாயிறன்று நற்கருணை வாங்கினார்.

புரட்டாசிக் கடைசியில் ஒரு மாலை திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. தம் அம்பாரத்தை மூடிய கையோடு அப்பா பெரியப்பாவின் அம்பாரத்துக்கு ஓடினார். தார்ப்பாயின் ஒரு முனையை அவர் பிடித்தார். மறுமுனையைப் பெரியப்பா பிடித்தார். இருவரும் அப்போதும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் மழை விட்டதும் பெரியப்பா தம் சுருக்குப் பையிலிருந்து வெற்றிலையை எடுத்து நீட்டினார்.

பின்னர் மறைக்கல்வி வகுப்பில் இலங்கைத் திருச்சபையின் வரலாற்றைப் படித்தோம். 1658-ல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியபின் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்து, குருக்களை வெளியேற்றினார்கள். 1687-ல் கோவாவைச் சேர்ந்த யோசேப் வாஸ் அடிகளார் கூலியாள் கோலத்தில், கழுத்தில் செபமாலையுடன் வீடு வீடாகச் சென்றபோது, விசுவாசத்தை மறைவாகக் காத்துவந்த தமிழ்க் குடும்பங்களைக் கண்டார். 2015 ஜனவரி 14-ல் கொழும்பில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். புனிதரைப் போற்றும் நாம், அந்தத் தாய் தந்தையரையும் நினைக்க வேண்டாமா? குருவும் கோயிலும் இன்றி ஏறக்குறைய 30 ஆண்டுகள்! அவ்வளவு காலமும் பிள்ளைகளுக்குப் பாடநூலாக இருந்தது பெற்றோரின் வாழ்க்கையே அன்றோ? இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-ல் குடும்பத்தை இல்லத் திருச்சபை என்று குறிப்பிட்டு, சொல்லாலும் முன்மாதிரியாலும் விசுவாசத்தை முதலில் அறிவிப்பவர்கள் பெற்றோரே என்று கற்பித்தது இதனால்தான்.

எங்கள் பெற்றோர் குற்றமே செய்யாதவர்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. குற்றம் செய்தபின் ஒரு கிறிஸ்தவன் என்ன செய்ய வேண்டும் என்பதை அவர்களிடம் கண்டோம் என்றே சொல்கிறோம். சென்ற ஆண்டு எங்களில் இளையவள் தன் பேனாவைத் தோழி எடுத்துவிட்டாள் என்று எல்லார் முன்பும் சொல்லிவிட்டு, இரவில் அதைத் தன் பெட்டியிலேயே கண்டாள். ஒளித்துவைக்கக் கை போனது. அப்போது அந்தத் திண்ணையும் கூப்பிய கைகளும் நினைவுக்கு வந்தன. காலையில் உணவு அறையில் எல்லார் முன்பும் எழுந்து நின்றாள்.

நம் ஆண்டவர் தம் சீடரை உப்புக்கு ஒப்பிட்டார். கறியில் கரைந்த உப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. உண்பவர் நாவுக்குத்தான் தெரியும். சகோதரி அவர்களே, அன்று தாங்கள் கேட்ட கேள்விக்கு இதுவே எங்கள் பதில்: செபமாலையில் தூங்கி விழும் எங்கள் அப்பாவும், அவரை எழுப்பாமல் செபத்தைத் தொடரும் எங்கள் அம்மாவும்தாம்.