தெரிவதும் நுழைவதும்

சென்ற வருஷம் மழையில் ஸ்கூட்டர் சறுக்கி விழுந்ததில் என் கீழ்த்தாடை இரண்டு இடங்களில் முறிந்தது. அதற்கு நான்கு நாள் முன்பு ஒரு கூட்டத்தில் நண்பர் ஒருவரின் கவிதைத் தொகுப்பைப் பற்றிப் பேசியிருந்தேன். இரண்டுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் தாடை கட்டப்பட்டுக் கிடந்த நாட்களில் இரண்டும் சேர்ந்தே நினைவுக்கு வந்தன.

ஆபரேஷனுக்கு முந்தின மாலை மயக்க மருந்து டாக்டர் வந்தார். வாயைத் திறக்கச் சொல்லி விரலால் அளந்தார். இரண்டு விரல்தான் நுழைந்தது. மூச்சுக்குழாய்க்குள் வைக்கும் டியூப் மூக்கு வழியாகத்தான் போகும் என்றார். தாடையைச் சேர்க்கிறவர்கள் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் பழையபடி பொருந்துகின்றனவா என்று வாயை மூடிப் பார்த்தாக வேண்டும்; நடுவில் டியூப் இருந்தால் மூட முடியாது. எப்படி வைப்பீர்கள் என்று கேட்டேன். பயம் பாதி, விஷயம் தெரிந்துகொள்ளும் சபலம் பாதி. அவர் பொறுமையாகச் சொன்னார். மீதியைப் பிறகு படித்துக்கொண்டேன்.

மூக்கின் தரையை ஒட்டிச் சென்று தொண்டையின் பின்புறம் இறங்குவது வரை எல்லா முறைகளுக்கும் பாதை ஒன்றுதான். பேதமெல்லாம் அங்கிருந்து குரல்நாண்களுக்கு நடுவே நுழையும் சில சென்டிமீட்டரில்.

பழைய முறை, பார்க்காமலே செலுத்துவது. முதல் உலகப் போரில் முகம் சிதைந்த சிப்பாய்களுக்கு இங்கிலாந்தில் சிட்கப் ஆஸ்பத்திரியில் ஹெரால்ட் கில்லீஸ் முகம் அமைத்துக்கொண்டிருந்தார். அறுக்க வேண்டிய முகத்தின் மேலேயே மயக்க மருந்து முகமூடியை வைப்பதெப்படி? 1919ல் அங்கே வந்த ஐவன் மகில் 1920களில் வகுத்த முறையில் கண்ணுக்கு வேலையில்லை. டியூபின் வெளிமுனையில் காதை வைத்து, மூச்சொலி உரக்கக் கேட்கும் திசையில் நகர்த்தி, நோயாளி மூச்சை இழுக்கும் தருணத்தில் உள்ளே தள்ளுவது. அவர் தானாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தால்தான் இது சாத்தியம்.

அடுத்தது நேர்ப்பார்வை. ஆக்ஸ்ஃபோர்டின் ராபர்ட் மகின்டோஷ் 1943ல் வெளியிட்ட வளைந்த பிளேடின் நுனியை நாக்கின் வேருக்கும் குரல்வளை மூடிக்கும் இடையிலுள்ள குழியில் வைத்துத் தூக்கினால், மூடி எழுந்து குரல்நாண்கள் தெரியும். கண்ணும் வாயும் குரல்வளையும் ஒரே கோட்டில் வர வேண்டும். மூக்கிலிருந்து இறங்கும் டியூபோ அந்தக் கோட்டில் வருவதில்லை. எனவே மகிலின் பெயரிலேயே வழங்கும் வளைந்த இடுக்கியை வாய்க்குள் விட்டு, நுனியைப் பற்றித் திருப்ப, உதவியாளர் வெளியிலிருந்து தள்ளுவார். இடுக்கி பட்டு டியூபின் காற்றுப்பை கிழிவதும் உண்டு.

மூன்றாவது, பிளேடின் நுனியருகே காமிராவை வைத்த வீடியோ லாரிங்கோஸ்கோப். கண் மூலை திரும்பி முன்னாலேயே போய்விடுகிறது. ஒரே கோடு அவசியமில்லை. இடுக்கியின் தேவையும் குறைகிறது. காற்றுப்பையில் கொஞ்சம் காற்றை ஊதினால் நுனி எழுந்து குரல்வளைக்கு எதிரே நிற்கும். நுழைந்ததும் காற்றை எடுத்துவிட்டுத் தள்ளலாம். வாயே திறக்காதவர்களுக்கு இழைக்கருவி. 1967ல் லண்டனில் பீட்டர் மர்ஃபி, பித்தநாளத்தைப் பார்க்கச் செய்த கருவியை மூக்கு வழியே விட்டு அதன் மேல் டியூபை வழுக்கிச் செலுத்தினார். நோயாளி விழித்திருக்கும்போதே செய்யலாம். லென்ஸில் ரத்தம் பட்டால் மட்டும் காட்சி போய்விடும்.

"உங்களுக்கு வீடியோதான் சார். ஃபைபரும் பக்கத்திலேயே ரெடியா இருக்கும்."

"அப்ப எல்லாம் தெளிவாத் தெரியும், சுலபம். இல்லையா டாக்டர்?"

"தெரியும். ஆனா தெரியறதெல்லாம் உள்ள போயிடாது சார். ஸ்கிரீன்ல குரல்வளை முழுசாத் தெரியும், டியூப் பக்கத்துல இடிச்சுக்கிட்டு நிக்கும். புதுசாக் கத்துக்கறவங்க ஸ்கிரீனையே பாத்துட்டு இருப்பாங்க."

அன்றிரவு தூக்கமில்லை. கூட்டத்தில் இருபது நிமிஷம் பேசினேன். படிமம் எங்கே உடைகிறது, எந்தத் தொனி இரவல், வரி எங்கே காரணமின்றி முறிகிறது, எல்லாம் எனக்குத் தெரிந்தது. நண்பர் பதில் சொல்லவில்லை. நேர்ப்பார்வைக்கும் வீடியோவுக்கும் பெரும்பாலும் தசைகளைத் தளர்த்தி நோயாளியின் மூச்சை நிறுத்திவிடுகிறார்கள். அசைவில்லாததால் நன்றாகத் தெரிகிறது. நானும் அப்படிக் கிடத்திவைத்துத்தான் அந்தக் கவிதைகளைப் பார்த்தேனோ என்று தோன்றியது.

பார்க்காத முறைக்கு மகிமை பாடவில்லை. அதில் ரத்தக் கசிவும் திரும்பத் திரும்ப முயல்வதும் உண்டு. எனக்கு அதைச் செய்வதாகச் சொல்லியிருந்தால் சம்மதித்திருக்க மாட்டேன். கண்ணை மூடிக்கொண்டு 'உணர்ந்தேன்' என்கிற விமர்சனத்தோடும் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் மகிலின் காதுக்குக் கிடைத்த ஒன்று திரையில் இல்லை.

இரண்டு வாரம் பற்களைக் கம்பியால் கட்டியிருந்தார்கள். ஒரு மாலை நண்பர் வந்தார். நான் பேச முடியாததால் தொகுப்பிலிருந்து அவரே படித்தார். வரி முடிகிற இடங்களில் அல்ல, வேறு இடங்களில் மூச்சு வாங்கினார். நான் முறிவு என்று குறித்திருந்த மூன்று இடங்கள் அந்த மூச்சில் நேராயின. மற்றவை அப்படியே இருந்தன.

தொகுப்பைப் பற்றிய என் அபிப்பிராயம் பெரிதாக மாறிவிடவில்லை. அந்த மூன்று இடங்களைப் பற்றி நான் சொன்னது தவறு. எழுதிக்காட்ட மேஜையில் காகிதம் இருந்தது. அன்று எழுதவில்லை, இப்போது எழுதுகிறேன்.