கண்டகியிலிருந்து நாமகிரி வரை

நாமக்கல் நகரின் நடுவே ஒற்றைப் பாறையாக எழுந்து நிற்கும் நாமகிரியைச் சேலம் சீமையில் அறியாதார் இல்லை. மலையின் ஒருபுறம் குடைவரைக் கோயிலில் நரசிம்மர் வீற்றிருக்கிறார். மறுபுறம் அரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கிறார். நரசிம்மரை நோக்கிக் கூப்பிய கரங்களோடு, கூரையில்லாத வெட்டவெளியில் 18 அடி உயர ஆஞ்சநேயர் நிற்கிறார். லாரிகளின் ஓசைக்கு நடுவிலும் அந்தச் சந்நிதியில் ஓர் அமைதி உண்டு.

அனுமன் இமயத்திலிருந்து திரும்பும் வழியில் கண்டகி நதியில் கிடைத்த சாளக்கிராமம் ஒன்றை எடுத்து வந்தார்; நீராடுவதற்காகக் கமலாலயக் கரையில் இறங்கியபோது, அங்கே தவமிருந்த தாயாரிடம் அதை ஒப்படைத்தார்; குறித்த நேரத்தில் அவர் திரும்பாமையால் தாயார் அதைத் தரையில் வைக்க, அது மலையாக வளர்ந்துவிட்டது என்பது தலபுராணம். ஆகவே நாமக்கல்காரர்களுக்குக் கண்டகி அயலூர் நதி அன்று.

அந்தக் கண்டகி ஓடும் நாடு நேபாளம். அதன் கரையோரப் பனிமலைப் பகுதியில் உள்ள முக்திநாத், 108 திவ்யதேசங்களுள் சாளக்கிராமம் என்று போற்றப்படுவது. திருமங்கையாழ்வார் பாடிய தலம். விமானத்தில் காட்மாண்டு சென்றோ, கோரக்பூர் வரை ரயிலில் சென்று சோனௌலி எல்லையைக் கடந்தோ பொக்காராவை அடைகின்றனர். கடவுச்சீட்டோ வாக்காளர் அடையாள அட்டையோ கையில் இருத்தல் வேண்டும்.

பொக்காராவில் பேவா ஏரி. நடுவில் ஒரு சிறு தீவு. அதில் வாராஹி அம்மன் கோயில். படகில் சென்று தரிசிக்கலாம். மேகம் விலகிய காலைகளில், மச்சபுச்சரே என்னும் மீன்வால் வடிவச் சிகரம் ஏரி நீரில் தலைகீழாகத் தெரியும். சிவபெருமானுக்கு உரியதாகக் கருதப்படுவதால் அதன் உச்சியில் எவரும் கால் வைக்க அனுமதி இல்லை.

அங்கிருந்து ஜோம்சோமுக்குச் சிறு விமானம் காலையில்தான் பறக்கும். முற்பகலுக்கு மேல் பள்ளத்தாக்கில் காற்று சீறத் தொடங்கிவிடும். தரைவழியே சென்றால் நாள் முழுதும் குலுங்க வேண்டும். ஆயினும் காட்சி அவ்வழியில்தான். ஒருபுறம் 8,091 மீட்டர் அன்னபூர்ணா, மறுபுறம் 8,167 மீட்டர் தவளகிரி. இடையே கரிய மணலும் கூழாங்கற்களுமாகக் காளி கண்டகி. மலை மடிப்புகளில் பனியாறுகள் உறைந்து தொங்குகின்றன. ஜோம்சோமுக்கு மேலே நிற்கும் சிகரத்தின் பெயர் நீலகிரி! உதகையை நினைத்துக்கொள்ளாத தமிழர் இருக்க முடியாது.

ராசிபுரத்திலிருந்து குழுவோடு சென்ற முதிய தம்பதியர்க்குச் சோதனை ஜோம்சோமில் வந்தது. கணவருக்கு வயது 72. இரவு தலைவலி, படுத்தால் மூச்சுத் திணறல். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். ஜோம்சோம் ஏறக்குறைய 2,700. முக்திநாத்தோ 3,700 மீட்டருக்கும் மேல். உயரம் ஏற ஏறக் காற்றில் உயிர்வளி குறையும். தலைவலியும் திணறலும் தோன்றியபின் மேலே ஏறுவது உயிரோடு விளையாடுவதாகும். இறங்குவதே மருந்து. பக்தி மிகுதியால் இதை மறைப்போர் பலர். உடன் வருவோரைத்தான் அது தவிக்க வைக்கும்.

அவர் மறைக்கவில்லை. பல ஆண்டுகளாகச் சேர்த்த பணம், நாமக்கல்லில் வேண்டிக்கொண்ட வேண்டுதல், எல்லாம் ஒரு நாள் பயணத் தொலைவில் நின்றுபோயின. மனைவியும் நின்றுவிடுவதாகச் சொன்னார்.

"நீ போயிட்டு வா. எனக்கும் சேத்துத் தண்ணி ஊத்திக்க."

"நீங்க தனியா இருந்துருவீங்களா?"

"ஆறு இருக்குதில்ல."

விடுதிக்காரரின் துணையோடு அவர் தங்கினார். காலையில் வலி தணிந்திருந்தது. மாறாவிடில் பொக்காராவுக்கு இறக்கிவிட ஏற்பாடும் இருந்தது.

அம்மையார் ராணிபௌவா வரை ஜீப்பில் சென்று, அங்கிருந்து மெல்ல நடந்தார். கோயிலின் பின்புறம் அரைவட்டச் சுவரில் 108 நீர்த்தாரைகள், பனிக்குளிர் நீர். இளையோர் ஓடி ஓடி நனைகின்றனர். முதியோர் ஒவ்வொன்றிலும் கைநீட்டித் தலையில் தெளித்துக்கொண்டாலே போதும். அவரும் அவ்வாறே செய்தார், ஒவ்வொரு தாரையிலும் இருமுறை. உள்ளே பெருமாளைப் பௌத்தர்களும் தங்கள் தெய்வமாக வணங்குகின்றனர். திருப்பணியில் பௌத்தத் துறவினியரும் பங்குகொள்கின்றனர். அருகே ஜுவாலாமாயி கோயிலில் பாறையிடுக்கில் இயற்கை வாயுவால் எரியும் சுடரையும் தரிசித்து, செம்பில் நீர் முகந்து இறங்கினார்.

ஜோம்சோமில் கணவர் ஆற்றங்கரையில் கம்பளி போர்த்து அமர்ந்திருந்தார். கரிய கற்களுள் சில பிளந்து, உள்ளே சக்கரச் சுருள் தெரிந்தது. பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முன்னர், இமயம் கடலடியாய்க் கிடந்த காலத்து உயிரினங்களின் பதிவு அது என்பர் நிலவியலார். நாராயணனின் சக்கரம் என்பர் பெரியோர். பகல் முழுதும் அவர் அந்தக் கற்களையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

ஊர் திரும்பிய முதல் சனிக்கிழமை விடியலில் இருவரும் நாமக்கல் சென்றனர். வடைமாலை சாற்றிய ஆஞ்சநேயரை வெகுநேரம் அண்ணாந்து பார்த்துவிட்டுக் கணவர் கேட்டார்:

"அத்தனை தூரம் கல்லைத் தூக்கிட்டு வந்தாரே, இவருக்கு மூச்சு வாங்கியிருக்காதா?"

"பேசாம கும்பிடுங்க," என்றார் அம்மையார்.