டப்பா ஈஸ்ட்டும் சிவப்பு மாத்திரையும்

எங்க ஊர் எக்கியார்குப்பம். மரக்காணம் பக்கம். முன்னாடி கடல், கொஞ்சம் தள்ளிப் போனா உப்பளம். 'நியூட்ரிஷனல் ஈஸ்ட்'னு எங்க தெருவுல சொன்னா, "அது என்ன புது வலையா?"ன்னுதான் கேட்பாங்க. ஆனா, அந்த டப்பா எங்க வீட்டுக்கே வந்துடுச்சு!

காரணம், என் அக்கா. அஞ்சு மாச கர்ப்பம். ஹீமோகுளோபின் 8. ஆஸ்பத்திரியில் கொடுத்த சிவப்பு மாத்திரையைப் போட்டா குமட்டுதுன்னு அரிசி டப்பாவுக்குள்ள ஒளிச்சு வெச்சிருந்தா. விஷயத்தைக் கேள்விப்பட்ட என் கிளாஸ்மேட், பாண்டிச்சேரியில் இருந்து ஈஸ்ட் டப்பா வாங்கிக் கொடுத்தான். "நேச்சுரல் மச்சி... ரத்தம் ஊறும்!"

அக்காவுக்கு ஒரே சந்தோஷம். "தம்பி, இனிமே அந்த மாத்திரை வேணாம்தானே?"

படிக்கிறது மைக்ரோபயாலஜி. இதுக்குக்கூட பதில் சொல்லலைன்னா எப்படி? உட்கார்ந்து தேடினேன். கிடைத்த கதை சுவாரஸ்யமானது, அதுவும் நம்ம நாட்டுக் கதை!

1928-ல் லூசி வில்ஸ் என்ற இங்கிலாந்து டாக்டர் பம்பாய் வந்தார். அங்கே பஞ்சாலைகளில் வேலை பார்த்த ஏழைப் பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில் ஒரு கடுமையான ரத்தசோகை வந்தது. ஏன்னு கண்டுபிடிக்கத்தான் வந்தார். 1929-ல் நம்ம குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டிலும், 1931-ல் சென்னை கோஷா ஆஸ்பத்திரியிலும் (இப்போ கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை) வேலை பார்த்திருக்கிறார். எலி, குரங்குன்னு சோதனை செய்து பார்த்தவருக்குக் கடைசியில் கைகொடுத்தது எது தெரியுமா? 'மார்மைட்'! பீர் தயாரிப்பில் மிஞ்சுற ஈஸ்ட்டில் இருந்து எடுக்கிற கறுப்புக் களிம்பு. ரொட்டியில் தடவிச் சாப்பிடுவாங்க. அதைக் கொடுத்ததும் அந்தப் பெண்கள் தேறினாங்க. 1931-ல் கட்டுரை வெளியானது.

ஈஸ்ட்டுக்குள் இருந்த அந்தப் பொருளுக்கு 'வில்ஸ் ஃபேக்டர்'னு பேர் வந்தது. இன்னிக்கு அதோட பேர் ஃபோலேட். ஆக, ஈஸ்ட் ரத்தசோகையைக் குணமாக்கினது நிஜம். ஆனா அது ஃபோலேட் குறைவால் வந்த ரத்தசோகை. நம்ம ஊர்ப் பெண்களிடம் அதிகம் பார்க்கிறது இரும்புச்சத்துக் குறைவு. அங்கேதான் டப்பா தோத்துப் போகுது. கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கிற சிவப்பு மாத்திரை ஒண்ணில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கு. ரெண்டு ஸ்பூன் ஈஸ்ட் அதுக்குப் பக்கத்தில்கூட வராது. இன்னொரு விஷயம்... அதே மாத்திரையில் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிடும் இருக்கு. லூசி வில்ஸ் ஈஸ்ட்டில் தேடினது, அக்கா அரிசிக்குள்ள ஒளிச்சு வெச்சிருந்த மாத்திரைக்குள்ளேயே இருந்திருக்கு!

இதை அக்காகிட்ட சொன்னப்போ அவ சிரிக்கலை. "அப்போ நான் ஒளிச்சது பாப்பாவோட பங்கா?"ன்னு கேட்டா. எனக்குப் பதில் வரலை.

ஆஸ்பத்திரி நர்ஸ் அக்காவிடம் பேசினதும் வழி கிடைச்சது. வெறும் வயித்துல வேணாம், ராத்திரி சாப்பிட்டுட்டுப் போடு. எலுமிச்சை ஜூஸோட போட்டா இரும்பு நல்லா உடம்பில் சேரும். டீயைத் தள்ளி வை. மலம் கறுப்பாப் போனா பயப்படாதே. அவ்வளவுதான்! இப்போ அக்கா மாத்திரையை ஒளிக்கிறதில்லை. ஈஸ்ட்டும் வீணாகலை, ரசத்துல தூவிக்கிறா. சீஸ் வாசம் வருதாம்!

சரி, டப்பா வாங்குற ஹாஸ்டல் நண்பர்களுக்கு ரெண்டு வார்த்தை. இது கரும்பு, பீட்ரூட் வகைப் பாகில் வளர்த்து, சூடாக்கிக் கொன்று, காயவைத்த ஈஸ்ட். காய்ந்த எடையில் பாதிக்குப் பக்கம் புரோட்டீன். பி வைட்டமின்களும் உண்டு. ஆனா, பி12-ஐ ஈஸ்ட் தயாரிக்காது. அது பாக்டீரியா செய்யுற வேலை. டப்பாவில் பி12 இருந்தா, கம்பெனிக்காரங்க தனியா சேர்த்தது. சேர்த்தது வேலை செய்யுது என்பதும் உண்மை. 2000-ல் வெளியான ஒரு சின்ன ஆய்வில், பால், முட்டைகூடத் தொடாதவங்களுக்கு பி12 குறைவைக் காட்டுற அளவு, மாத்திரையாலும் ஈஸ்ட்டாலும் இறங்கியது. அதனால லேபிளைப் படிங்க. பி12 சேர்க்கலைன்னா, சுத்த சைவக்காரருக்கு அந்த விஷயத்தில் பிரயோஜனம் இல்லை. ஃபோலேட் மட்டும் ஏறினா ரத்தம் சரியான மாதிரி தெரியும், உள்ளே பி12 இல்லாமல் நரம்பு கெட்டுக்கிட்டே போகலாம். மீன், முட்டை, பால் சாப்பிடுறவரா? எங்க ஊர் நெத்திலியிலேயே பி12 இருக்கு, காசை மிச்சம் பிடிங்க!

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. உங்க கிளாஸ்ல பாதிப் பேர்! ஸ்கூல்ல வாராவாரம் கொடுத்த நீல மாத்திரையை ஜன்னல் வழியா வீசின தோழிகளே... ஒருமுறை ரத்தம் டெஸ்ட் பண்ணிப் பாருங்க. டப்பா வாங்குறதை அப்புறம் யோசிக்கலாம்.